தடைக்காலப் பணமும் எண்பது ஜெம்மும்

பாஸ்புக்கில் மொத்தம் பத்து வரி. ஏழு இடத்தில் 799 ரூபாய், மூன்று இடத்தில் 89 ரூபாய். கூட்டினால் 5,860. கணக்கில் வந்திருந்தது மீன்பிடித் தடைக்கால நிவாரணம், 8,000. மிச்சம் எவ்வளவு என்று நான் சொல்வதற்கு முன்பே கீழ் போர்ஷன் அக்கா சொல்லிவிட்டார்: "ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது."

எங்கள் வீடு காசிமேட்டில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. படகு போகாவிட்டால் ஏலம் இல்லை, ஏலம் இல்லாவிட்டால் அக்காவின் மீன் கூடையும் பாதி காலி. அந்த இரண்டு மாதத்தில் எங்கள் தெருவில் அடகுக்கடைச் சீட்டு இல்லாத வீடு அபூர்வம். அக்காவின் கணவர் நிவாரணப் பணத்தை அக்கா கணக்குக்கு மாற்றிவிட்டு, அடகு வைத்த தோட்டை மீட்டுக்கோ என்று சொல்லியிருந்தார். நாலு நாள் கழித்து வங்கிக்குப் போனவர், பாஸ்புக்கில் வரி போட்டுக்கொண்டு நேராக மாடியேறி என்னிடம் வந்தார்.

"எவனோ போன்லேர்ந்து திருட்டான்மா. சைபர் கிரைமுக்குப் போலாமா?"

வரிகளைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. திருட்டில்லை. ஆப் ஸ்டோர் வழியாக ஒரு விளையாட்டுக்குப் போன பணம். யாரோ ஓடிபி கேட்டு ஏமாற்றியிருந்தால் 1930 எண்ணைக் கூப்பிட வேண்டும், அதுவும் உடனே. இது வேறு வகை. இந்த வகை எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட வரிகளின் மறுமுனையில் உட்கார்ந்துதான் நான் மூன்று வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன்.

கிண்டியில் ஒரு மொபைல் கேம் நிறுவனம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் ரயில் மாறாமல் போய்விடலாம். என் வேலை பிளேயர் சப்போர்ட். விளையாடுகிறவர்கள் எழுதி அனுப்பும் புகாருக்கு டிக்கெட் என்று பெயர், ஒரு ஷிப்டுக்கு இத்தனை டிக்கெட் முடிக்க வேண்டும் என்று கணக்கு. பணத்தைத் திருப்பிக் கேட்டு வரும் டிக்கெட்டுக்கு நாங்கள் எதுவும் யோசித்து எழுத வேண்டாம். தயாராக ஒரு பதில் இருக்கும், மேக்ரோ என்போம். 'உங்கள் ஏமாற்றத்தை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம். எனினும் எங்கள் விதிமுறைகளின்படி...' ஒரு தட்டு தட்டினால் போய்விடும். அதே ஆள் மறுபடி எழுதினால் இரண்டாவது மேக்ரோ. மூன்றாம் முறை எழுதுகிறவர்கள் ரொம்பக் குறைவு. அந்தக் குறைவை நம்பித்தான் ஏற்பாடே நடக்கிறது என்பது ஆறே மாதத்தில் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் தட்டிக்கொண்டுதான் இருந்தேன். இஎம்ஐ இருந்தது.

எங்கள் விளையாட்டில் ரூபாய் என்ற சொல்லையே அதிகம் பார்க்க முடியாது, எல்லாம் ஜெம்தான், நிஜக் காசு கொடுத்து வாங்கும் விளையாட்டுக் காசு. சின்ன பொட்டலம் 80 ஜெம். ஆனால் விளையாட்டில் வரும் தங்கள் ஆளுக்கு மாட்டிவிடப் பையன்கள் ஆசைப்படும் உடை 100 ஜெம். ஒரு பொட்டலம் போதாது, இரண்டு வாங்கினால் 60 மிஞ்சும். அந்த 60க்கு உருப்படியாக ஒன்றும் வராது, விட்டுவிடவும் மனசு வராது. ஹோட்டலில் இட்லி இரண்டிரண்டாகவும் வடை மூன்று மூன்றாகவும்தான் தருவோம், செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்று சொன்னால் எப்படியிருக்கும்? கிட்டத்தட்ட அந்தக் கணக்கு. அப்புறம் பெட்டி. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறப்பது. எது எத்தனை சதவீதம் விழும் என்று காட்டியாக வேண்டும் என ஆப்பிள் 2017இலேயே விதி போட்டது, கூகுள் பிளே 2019இல் போட்டது. எங்கள் விளையாட்டிலும் காட்டினோம். பெட்டியின் மூலையில் எறும்பு சைஸில் ஒரு வட்டம் இருக்கும், அதைத் தொட்டு, கீழே தள்ளிக்கொண்டே போனால் வரும். காட்டவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எனக்கு இதையெல்லாம் பார்க்கும்போது நினைவுக்கு வருவது ஒரு பாய் கடை. சின்ன வயதில் எங்கள் பக்கத்துத் தெருவில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். ஒற்றை அறை, நாலு டிவி, மணிக்குப் பத்து ரூபாய். என் தம்பியைக் கூட்டிவர அம்மா தினமும் என்னைத்தான் அனுப்புவார், அதனால் அந்த வாசலில் நான் நின்ற நேரம் அதிகம். யூனிஃபார்மோடு வந்தால் உள்ளே விடமாட்டார். ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டும் பையனிடம் "யார்டா கொடுத்தது?" என்று கேட்பார், பதில் திணறினால் நோட்டு திரும்பிவிடும். விளையாட்டு நடுவில் கரண்டு போனால், பையனின் பெயரையும் மீதி நிமிஷத்தையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்துவைப்பார். மறுநாள் போய் நின்றால் நாம் சொல்ல வேண்டியதில்லை, அவரே "உனக்குப் பதினெட்டு நிமிஷம் இருக்கு" என்பார். நுகர்வோர் பாதுகாப்பு என்ற வார்த்தையை அவர் கேள்விப்பட்டிருப்பாரா தெரியாது. அந்தப் பையன்களின் அம்மாக்களை அவர் தினமும் தெருவில் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எங்கள் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் அந்தத் தொல்லை இல்லை.

சரி, அக்கா கதைக்கு வருகிறேன்.

பையனுக்குப் பதினொரு வயது. லீவு. அடி ஏற்கெனவே விழுந்திருந்தது, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அக்காவுக்குத் தமிழ் படிக்க வரும், ஆங்கிலம் வராது. வங்கியிலிருந்து வரும் மெசேஜ் எல்லாம் ஆங்கிலம். கேஸ் புக் பண்ணுவது, கரண்ட் பில் கட்டுவது, ஐஸ் கடைக்குப் பணம் அனுப்புவது எல்லாம் பையன்தான். அப்படியிருக்க, யுபிஐ பின் நம்பர் அவனுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? எங்கள் பக்கம் பாதி வீடுகளில் போனை ஓட்டுவது பிள்ளைகள்தான்.

அவனை உட்காரவைத்துக் கேட்டேன். தெருப் பையன்கள் நாலு பேர் ஒரே டீம். காசு கொடுத்து உடை வாங்காதவனை 'ஓசி' என்று கூப்பிடுவார்களாம். அதுகூடப் பரவாயில்லை என்றுதான் இருந்திருக்கிறான்.

"டைமர் ஓடிச்சிக்கா. பத்து நிமிஷம்தான்னு போட்டிருந்தான். வுட்டா போயிடும்."

போனைக் கொடுத்துத் திறக்கச் சொன்னேன். சலுகை வந்தது: 10:00, 9:59, 9:58. மூடச் சொன்னேன். மறுபடி திறந்தான். 10:00, 9:59. இன்னொரு முறை மூடித் திறந்தான். மறுபடியும் பத்திலிருந்து. என்னைப் பார்த்தான்.

"அப்போ போவாதா?"

ஏழு முறை 799 கட்டிய பிள்ளை கேட்ட கேள்வி அது. நல்லவேளை, அது எங்கள் நிறுவனத்தின் விளையாட்டு இல்லை என்று நினைத்தேன். அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அதே டைமர் எங்களிடமும் இருந்தது.

முதல் வேலையாக விளையாட்டை அழிக்கக் கிளம்பிய அக்காவைத் தடுத்தேன். கோபத்தில் எல்லோரும் செய்வது அதுதான். அழித்துவிட்டால் பிளேயர் ஐடி, அதாவது விளையாடுகிறவரின் அடையாள எண், தெரியாது. பிளேயர் ஐடி இல்லாத டிக்கெட்டை எங்களால் தேடக்கூட முடியாது, பல சமயம் அதையே சாக்காக வைத்து மூடிவிடுவோம். ஐடி தெரியும் பக்கம், மிச்ச ஜெம் தெரியும் பக்கம், ஓடுகிற அந்த டைமர், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். பையனிடம் இனி ஒரு ஜெம்கூடச் செலவு செய்யாதே என்று சொன்னேன். செலவாகாத ஜெம்முக்குப் பணம் வர வாய்ப்பு அதிகம். கூகுள் பிளேயில் வாங்கிய பட்டியலைத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் ஜிபிஏ என்று தொடங்கும் நீளமான ஆர்டர் எண் இருக்கும். பத்தையும் எழுதிக்கொண்டேன். வாங்கிய 48 மணி நேரத்துக்குள் என்றால் பிளேயிலேயே நேரடியாகப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். எங்களுக்கு அது தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு விளையாட்டு நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

ஆறு வரி எழுதினேன். யாருடைய போன், யாருடைய கணக்கு, வாங்கியவன் பதினொரு வயதுப் பையன், எந்தத் தேதி, எவ்வளவு, ஆர்டர் எண்கள். பின் நம்பரைப் போட்டது பையன்தான் என்பதையும் எழுதினேன். அக்காவுக்கு அதில் இஷ்டமில்லை. "யாரோ ஹேக் பண்ட்டாங்கன்னு போடும்மா" என்றார். நிறையப் பேர் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் எங்கள் திரையில் எந்தப் போனிலிருந்து வாங்கினார்கள், வாங்கிய கையோடு அதே போனில் விளையாடினார்களா என்பதெல்லாம் தெரியும். பொய் என்று தெரிந்த நொடியில் டிக்கெட் மூடப்படும், கணக்கும் முடங்கும். சிறுவன் வாங்கினான் என்பதே நமக்குப் பலம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் வருஷத்தது, பதினெட்டு வயது ஆகாதவர் செய்த ஒப்பந்தம் அதன்படி செல்லாது. கணக்கு பெரியவர் பெயரில்தானே இருக்கிறது என்று அவர்கள் வாதாடுவார்கள், அது வேறு விஷயம். வாதாடட்டும்.

மறுநாள் காலை பதில் வந்தது. மெட்ரோவில் நின்றுகொண்டே படித்தேன். 'உங்கள் ஏமாற்றத்தை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்.' ஒரு எழுத்து மாறவில்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரே தறியில் நெய்கிறோம் போலிருக்கிறது. வாஷர்மேன்பேட்டையிலிருந்து சென்ட்ரல் வரை எனக்கு முகமெல்லாம் சூடாக இருந்தது. எத்தனை பேருக்கு இதை அனுப்பியிருப்பேன்?

இரண்டாவது கடிதத்தை நான் அந்தப் பக்கத்து ஆளாக யோசித்து எழுதினேன். எங்கள் சிஸ்டத்தில் சில சொற்கள் இருந்தால் டிக்கெட் தானாக மேலே போகும், முதல் வரிசை ஆளால் அதை மூட முடியாது. குறைதீர் அதிகாரி என்பது அப்படி ஒரு சொல். 2020ஆம் வருஷ மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும். குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பையும் நிறுவனம் வெளியிட வேண்டும், அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதைக் குறிப்பிட்டு, கடிதத்தை அவருக்கே அனுப்பினேன். கூடவே, மூடித் திறந்தால் பத்திலிருந்து தொடங்கும் டைமரின் ஸ்கிரீன்ஷாட் மூன்று. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் டார்க் பேட்டர்ன் பற்றி வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. வாங்குகிறவரை ஏமாற்றும் பதின்மூன்று வகை உத்திகள் அதில் பட்டியல் போட்டிருக்கின்றன. பட்டியலில் முதலாவதே பொய்யான அவசரம். திட்டவில்லை, மிரட்டவில்லை. திட்டி எழுதுகிற டிக்கெட்டைக் கடைசியில் எடுப்பார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

அதே நாள் 1915க்கும் போன் போட்டோம். தேசிய நுகர்வோர் உதவி எண். அக்காவே பேசினார், தமிழிலேயே. புகார் எண் ஒன்று கொடுத்தார்கள். அவர்கள் தீர்ப்பு சொல்லும் இடம் இல்லை. நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், அவ்வளவுதான். ஆனால் நிறுவனத்துக்கு வெளியே ஒரு பதிவு உருவாகிவிடுகிறது, அதுதான் முக்கியம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் வருஷச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் சரி, பெய்ஜிங்கில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். சென்னை வடக்குக்குத் தனி ஆணையமே இருக்கிறது. போகத் தயாராகத்தான் இருந்தோம்.

இன்னொன்று: வங்கியில் சொல்லிப் பணத்தைத் திருப்பி வாங்கிவிடலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. சில நிறுவனங்கள் பதிலுக்கு விளையாட்டுக் கணக்கையே பூட்டிவிடும். 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் விளையாட்டின் எபிக் கேம்ஸ் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் சொன்ன குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று. பட்டன்களைக் குழப்பமாக வைத்து, ஒரு தட்டிலேயே பணம் போகும்படி செய்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்களைக் கண்டுகொள்ளவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்டு கார்டு நிறுவனத்திடம் போனவர்களின் கணக்கைப் பூட்டினார்கள் என்றெல்லாம் சொன்னது. முடிவில் எபிக் ஒப்புக்கொண்ட தொகை 52 கோடி டாலர். குழந்தைகளின் தனியுரிமைக்காக 27.5 கோடி அபராதம், ஏமாந்தவர்களுக்குத் திருப்பித் தர 24.5 கோடி. எங்கள் ஆபீஸ் டீக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சு. அதன் பிறகு எதுவும் மாறவில்லை.

ஜூலை முதல் வாரம் அக்காவின் கணக்குக்கு 3,995 ரூபாய் திரும்பி வந்தது. ஐந்து 799. மற்ற இரண்டும், மூன்று 89களும் ஏற்கெனவே ஜெம்மாகச் செலவழிந்துவிட்டன என்று தரவில்லை. 1,865 ரூபாய்க்கு ஆணையம் வரை போகலாம் என்றேன். படகு கிளம்பிவிட்டது, விடியற்காலை ஏலத்துக்குப் போக வேண்டும், எனக்கு நேரமில்லை என்றார் அக்கா. அவர் பணம், அவர் முடிவு.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றிப் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தபோது, "இனிமே பயமில்ல, எல்லாத்தையும் மூடிட்டாங்க" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்படியில்லை. அந்தச் சட்டம் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைப் பற்றியது. ஜெம் வாங்கும் விளையாட்டில் காசு உள்ளே போகும், திரும்பி வராது. அதனாலேயே அது அந்தத் தடைக்குள் வராது. விநோதம்தான், ஆனால் நிலைமை அதுதான். ஆகவே காவல் வீட்டில்தான் தொடங்க வேண்டும். அக்கா போனில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி பிளேயில் மாற்றினேன். பின் நம்பரை மாற்றினோம். சின்னத் தொகைக்குப் பின் கேட்காமலே போகும் யுபிஐ லைட்டை அணைத்தேன். பெரிய பணம் வரும் கணக்கை அந்தப் போனிலிருந்தே பிரித்தோம். இப்போது போனில் இருப்பது ஐந்நூறு, ஆயிரம் மட்டும் கிடக்கும் இன்னொரு கணக்கு. கேஸ் புக் பண்ண அது போதும்.

ஆபீஸில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதின்மூன்று வகைகளையும் அச்செடுத்து, எங்கள் விளையாட்டில் இருப்பவற்றுக்குப் பேனாவால் வட்டம் போட்டு டீம் மீட்டிங்குக்கு எடுத்துப்போனேன். நாலு வட்டம். சலுகையை மறுக்கும் பட்டனில் 'வேண்டாம், நான் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்' என்று எழுதியிருந்தது அதில் ஒன்று. டிசைன் பண்ணிய பெண் தலையைக் குனிந்துகொண்டாள், அவளும் யாரோ சொல்லித்தான் செய்திருப்பாள். மேனேஜர் கேட்டார்: "நாம மட்டும் நிறுத்தினா, பக்கத்துக் கம்பெனிக்காரன் நிறுத்திடுவானா?" எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நியாயம் பேசியது அங்கே எடுபடவில்லை. திருப்பிக் கேட்கும் ஒரு டிக்கெட்டை நாங்கள் எத்தனை முறை கையால் தொடுகிறோம், கடுப்பில் எத்தனை பேர் ஒற்றை நட்சத்திரம் போடுகிறார்கள் என்று ஒரு மாதக் கணக்கை வைத்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டைமர் இப்போது உண்மையாக ஓடுகிறது, முடிந்தால் முடிந்ததுதான். வாங்கும் பக்கத்தில் ஜெம்முக்குப் பக்கத்திலேயே ரூபாய் தெரிகிறது. சிறுவர் வாங்கியது என்று வரும் முதல் டிக்கெட்டுக்கு மேக்ரோ கிடையாது, பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுவோம். பெட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. வருமானமே அதில்தான்.

பணம் வந்த மறுநாள் அக்காவின் மெயிலுக்கு அந்த நிறுவனத்திலிருந்து ஒன்று வந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? "ஒண்ணுகூடத் தராத" என்றார் அக்கா, வஞ்சிர மீனைத் துண்டு போட்டுக்கொண்டே. நான் ஐந்தைத் தொட்டேன். அந்த நட்சத்திரம் கம்பெனிக்குப் போகாது. இரண்டாம் டிக்கெட்டை மூடாமல் மேலே தள்ளிவிட்ட பிள்ளை எதுவோ, அதன் ஷிப்டு கணக்கில் போய்ச் சேரும்.